கணக்கை முடித்துக் கொடுப்பவர்: அவிநாசியிலிருந்து கணக்குத் தொழில்நுட்பர் தகுதிக்கு

அவிநாசியில் பிளஸ் டூ வணிகவியல் பிரிவு முடித்த ஒரு பிள்ளைக்குக் கணக்கு வேலை கிடைப்பது கடினமில்லை. திருப்பூர் பக்கம் போனால் பனியன் கம்பெனிகளும் நிட்டிங் யூனிட்டுகளும் பிரிண்டிங் பட்டறைகளும். சோமனூர், பல்லடம் பக்கம் போனால் விசைத்தறிகள். கோவை பக்கம் போனால் பம்புசெட், கிரைண்டர், பவுண்டரி. எல்லா இடத்திலும் ஒரு கம்ப்யூட்டரும் அதற்கு முன்னால் ஓர் ஆளும் தேவை. நேர்முகத்தில் கேட்கப்படும் முதல் கேள்வி “டேலி தெரியுமா?” என்பதுதான். கடினம் அதற்குப் பிறகு தொடங்குகிறது. சில வருடங்கள் கழித்தும் அதே நாற்காலியில் அதே பில் என்ட்ரி ஓடிக்கொண்டிருக்கும். ஆடிட்டர் ஆபீசிலிருந்து ஒரு கேள்வி வந்தால், “ஓனரைக் கேட்டுச் சொல்றேங்க” என்பதைத் தவிர வேறு பதில் இருக்காது. நுழைவது எளிதாகவும் மேலே ஏறுவது கடினமாகவும் இருக்கும் இந்தத் தொழிலில், இடைப்படியாக இருப்பது கணக்குத் தொழில்நுட்பர் தகுதி. அதைப் பெறும் வழியைச் சொல்வதே இந்த அத்தியாயத்தின் வேலை என்றாலும், வழியோடு ஒரு வாதமும் சேர்ந்து வருகிறது. இந்தத் தகுதியில் பாதிதான் தேர்வில் கிடைக்கிறது. மறுபாதி, ஒரு நிறுவனத்தின் கணக்கை ஏப்ரல் 1 அன்று திறந்து, அடுத்த ஆண்டு ஆடிட் கையெழுத்து விழும்வரை கூடவே இருந்து முடித்துக் கொடுப்பதில் கிடைக்கிறது. இரண்டையும் ஒரே காலத்தில் செய்பவருக்குச் சான்றிதழ் பயன்படும். முதலில் படிப்பு, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பிரிப்பவருக்கு அது பெரும்பாலும் ஒரு காகிதமாகவே நின்றுவிடும்.

இப்படி ஓர் இடைப்படி வேண்டும் என்பது புதிய யோசனை இல்லை. பிரிட்டனில் கணக்குத் தொழில்நுட்பர்களுக்கென்றே ஒரு சங்கம் 1980இல் தொடங்கப்பட்டது. இலங்கையில் அதே வகைச் சங்கம் 1987 முதல் இயங்குகிறது. இந்தியாவில் உச்சிப்படிகள்தாம் முதலில் கட்டப்பட்டன. ஆடிட்டர்களை உருவாக்கும் பட்டயக் கணக்காளர் கழகம் 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வந்தது. 1944இல் பதிவு செய்யப்பட்டு, 1959ஆம் ஆண்டுச் சட்டத்தால் சட்டபூர்வ அமைப்பானது இந்திய அடக்கவிலைக் கணக்காளர் கழகம். சிஎம்ஏ இன்ஸ்டிடியூட் என்றால் எல்லோருக்கும் புரியும். மேலே இவர்கள், கீழே கணக்குப்பிள்ளை. நடுவில் வெகுகாலம் ஒன்றுமே இல்லை. கணக்குப்பிள்ளை அனுபவத்தால் எவ்வளவு தெரிந்துவைத்திருந்தாலும், அதை வெளியே எடுத்துக் காட்ட அவரிடம் ஒரு தாள் கிடையாது. வேலை மாறினால் முதல் படியிலிருந்தே தொடங்க வேண்டும். இந்த வெற்றிடத்தை நிரப்பத்தான் சிஎம்ஏ இன்ஸ்டிடியூட் கணக்குத் தொழில்நுட்பர் சான்றிதழ்ப் படிப்பை நடத்துகிறது. சுருக்கமாக ‘கேட்’ என்பார்கள். ஐஐஎம் நுழைவுத் தேர்வுக்கும் இதே சுருக்கப் பெயர் இருப்பதால் இணையத்தில் தேடும்போது கவனம் தேவை.

படிப்பின் அமைப்பு எளிமையானது. பிளஸ் டூ தேறியிருந்தால் சேரலாம். நுழைவு நிலை, திறன் நிலை என இரண்டு கட்டங்கள். நிதிக் கணக்கியல், காஸ்டிங், நேர்முக வரி, மறைமுக வரி, வணிகச் சட்டங்கள் ஆகியவை பாடத்தின் முதுகெலும்பு. தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும் நடக்கும். பதிவைச் சில மாதங்கள் முன்னதாகவே முடித்திருக்க வேண்டும். பாடநூல்களைக் கழகத்தின் இணையதளத்திலிருந்தே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். தலைமையகம் கொல்கத்தாவில் இருந்தாலும் கோவையில் கழகத்தின் கிளை இருக்கிறது. அவிநாசியிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர்தான் என்பதால், சேருவதற்கு முன் ஒருமுறை நேரில் போய் விசாரித்துவிடுவது நல்லது. கட்டணம், கடைசித் தேதி, பாடத்திட்ட மாற்றம் ஆகிய மூன்றையும் கழகத்திடமே கேளுங்கள். கோச்சிங் சென்டர்களின் துண்டுப்பிரசுரத்தை மட்டும் நம்பிப் பணம் கட்ட வேண்டாம். கழகக் கட்டணமும் கோச்சிங் கட்டணமும் வேறு வேறு. சில இடங்களில் இரண்டையும் ஒன்றாகக் கலந்து ஒரே தொகையாகச் சொல்வார்கள். தனியார் மையங்கள் கொடுக்கும் ‘ஜிஎஸ்டி – டேலி டிப்ளமா’ போன்றவற்றில் கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கலாம். ஆனால் அவற்றின் பின்னால் ஒரு நாடாளுமன்றச் சட்டம் நிற்கவில்லை. சான்றிதழின் அடியில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும்.

கொங்குப் பகுதிக்கு இந்தச் சான்றிதழ் ஏன் தனியாகப் பொருந்துகிறது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. இதை நடத்துவது காஸ்டிங் கற்பிக்கும் கழகம். நம் பகுதியின் தொழில் காஸ்டிங்கில்தான் பிழைக்கிறது. ஒரு டி-ஷர்ட் ஒரே கூரையின்கீழ் உருவாவதில்லை. நூலை வாங்குபவர் ஒருவர், அதை நிட்டிங் செய்து துணியாக்குபவர் இன்னொருவர். சாயப்பட்டறை, காம்பாக்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி என ஒவ்வொன்றும் ஒரு தனிக் கம்பெனி. சில ஆர்டர்களில் தையலும் செக்கிங்கும்கூட ஜாப் ஒர்க்காக வெளியே போகும். சரக்கு எங்கெங்கோ சுற்றினாலும் உரிமை முதலில் நூல் வாங்கியவருடையது. ஒவ்வொரு இடத்திலும் எடை குறைகிறது, கூலி கூடுகிறது. இந்தச் சங்கிலியில் லாபம் என்பது ஒரு பீசுக்கு ஒன்றிரண்டு ரூபாய் அங்கே இங்கே நகர்வதுதான். அந்த ஒன்றிரண்டு ரூபாய் எங்கே போனது என்று சொல்லத் தெரிந்தவரைத்தான் ஒரு முதலாளி அறைக்குள் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுவார்.

ஓர் உதாரணக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். கிலோ 300 ரூபாய் அடக்கத்தில் 1,000 கிலோ கிரே துணி சாயத்துக்குப் போகிறது. சாயக்கூலி, அனுப்பிய எடைக்குக் கிலோவுக்கு 80 ரூபாய். மொத்தச் செலவு 3,80,000 ரூபாய். பட்டறையோடு பேசி ஒப்புக்கொண்ட நஷ்டம் 4 சதவீதம்; அதாவது 960 கிலோ திரும்ப வர வேண்டும். வந்ததோ 940 கிலோ. இப்போது ஒரு கிலோ சாயத்துணியின் அடக்கவிலை என்ன? என்ட்ரி மட்டும் போடத் தெரிந்தவர் 3,80,000ஐ 1,000ஆல் வகுத்து 380 ரூபாய் என்பார், அல்லது கைக்கு வந்த 940ஆல் வகுத்து 404 ரூபாய் 26 பைசா என்பார். காஸ்டிங் படித்தவர் 960ஆல் வகுப்பார்: 395 ரூபாய் 83 பைசா. இயல்பான நஷ்டமான 40 கிலோவின் செலவை நல்ல துணிதான் தாங்க வேண்டும். கழிவுக்கு விலை ஏதும் இல்லை என்று கொண்டால், இயல்புக்கு மேற்பட்ட 20 கிலோவின் செலவான ஏறத்தாழ 7,917 ரூபாயைத் துணியின் அடக்கத்தில் ஏற்றக் கூடாது. அதைத் தனியாக எடுத்துவைத்துப் பட்டறையிடம் கேட்க வேண்டும். கிடைக்காவிட்டால் லாப நஷ்டக் கணக்கில் எழுத வேண்டும். ஒரு கிலோவில் 5 டி-ஷர்ட் என்றால் 50,000 பீஸ் ஆர்டருக்கு 10,000 கிலோ துணி வேண்டும். 380 ரூபாய் என்று நினைத்து விலை கொடுத்தவர் துணியிலேயே 1,58,300 ரூபாய் குறைத்துச் சொல்லிவிட்டார். 404 ரூபாய் என்று நினைத்தவர் பீசுக்கு ஏறத்தாழ 1 ரூபாய் 70 பைசா கூட்டிச் சொல்லி, ஆர்டரையே பக்கத்துக் கம்பெனிக்கு விட்டிருக்கக்கூடும். பாடப்புத்தகத்தில் இது ‘செயல்முறை அடக்கவிலை’ என்ற அத்தியாயத்தில் வரும் சாதாரணக் கணக்கு. அதே கணக்கு உங்கள் கம்பெனியின் சாயப்பட்டறை டெலிவரி சலானில் தினமும் வருகிறது என்று தெரிந்துகொண்ட அன்றைக்குத்தான் அந்த அத்தியாயம் உங்களுடையதாகிறது.

வரிச் சட்டமும் இதே சங்கிலியைப் பின்தொடர்கிறது. ஜிஎஸ்டி சட்டத்தின் 143ஆம் பிரிவு, மூலப்பொருளை வரி கட்டாமல் ஜாப் ஒர்க்குக்கு அனுப்ப அனுமதிக்கிறது. ஆனால் அது ஓராண்டுக்குள் திரும்பி வர வேண்டும் அல்லது அங்கிருந்தே விற்கப்பட வேண்டும். மெஷின் போன்ற மூலதனப் பொருளுக்கு மூன்றாண்டு. தவறினால், அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கருதி வரியும் வட்டியும் வரும். எனவே யாரிடம் எத்தனை கிலோ எந்தத் தேதியிலிருந்து கிடக்கிறது என்ற பதிவு, ஐடிசி-04 படிவத்துக்காக மட்டும் எழுதுவது இல்லை. நிறுவனத்தின் சொத்து எங்கே இருக்கிறது என்பதற்கான ஒரே சாட்சி அதுதான். பில்லை மட்டும் பார்ப்பவருக்குச் சரக்கு தெரியாது, குடோனை மட்டும் பார்ப்பவருக்குச் சட்டம் தெரியாது. இரண்டையும் ஒரே ஏட்டில் சேர்த்துப் பார்க்கப் பயிற்சி பெற்றவர்தான் தொழில்நுட்பர்.

எதிர்வாதங்களுக்கு வருவோம். டேலி தெரிந்தால் போதாதா என்பது முதல் கேள்வி. டேலி அவசியம், அதில் மறுப்பில்லை. நம் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப்பதிவியல் பாடநூலிலேயே அதற்கென ஒரு பாடம் இருக்கிறது. ஆனால் மென்பொருள் கேட்பதைக் கொடுப்பது ஒரு திறமை. எதைக் கொடுக்க வேண்டும் என்று தீர்மானிப்பது வேறொரு திறமை. தறி ஒன்றுக்குப் போட்ட பழுதுபார்ப்புச் செலவு வருவாய்ச் செலவா, மூலதனச் செலவா என்று மென்பொருள் சொல்லாது. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிச் சட்டத்தின்கீழ் வரும் நிறுவனங்கள், ஒவ்வொரு திருத்தத்தின் தடத்தையும் அழியாமல் சேமிக்கும் மென்பொருளையே பயன்படுத்த வேண்டும். முன்பு போலத் தப்பாகப் போட்டுவிட்டு மார்ச் மாதக் கடைசியில் சத்தமில்லாமல் மாற்றிவிட முடியாது. யார், எப்போது, எதை மாற்றினார் என்பது ஆடிட்டரின் முன்னால் இருக்கும். முதல்முறையே சரியாகப் போடத் தெரிந்தவருக்கு இப்போது மதிப்பு கூடியிருக்கிறது.

இரண்டாவது கேள்வி: பி.காம். இருக்கும்போது இது எதற்கு? பி.காம்.-ஐ விட்டுவிட்டு இதைப் படியுங்கள் என்று இந்த நூல் சொல்லவில்லை; விடக் கூடாது என்றே சொல்கிறது. ஜிஎஸ்டி பிராக்டிஷனராகப் பதிவு செய்ய விரும்புபவருக்கு வணிகவியல் பட்டம் ஒரு நேர்வழி. விதி 83 அந்தத் தகுதியை ஏற்கிறது. பதிவு செய்தபின் அதற்கான தேர்வையும் எழுதித் தேற வேண்டும். வங்கித் தேர்வுகள், அரசுத் தேர்வுகள் பலவற்றுக்கும் பட்டம் வேண்டும். ஆனால் மூன்றாண்டுப் பட்டப் படிப்பில் கணக்கியல் ஒரு பகுதிதான். அதன் தேர்வு வினாக்களுக்கும் ஒரு கம்பெனியின் 20ஆம் தேதி ஜிஎஸ்டி கெடுவுக்கும் தொடர்பு குறைவு. அவிநாசி அரசு கலைக் கல்லூரியிலோ, திருப்பூர் சிக்கண்ணா கல்லூரியிலோ, எல்.ஆர்.ஜி. மகளிர் கல்லூரியிலோ பி.காம். படித்துக்கொண்டே கேட் தேர்வின் இரண்டு கட்டங்களையும் எழுதிவிட்டால், பட்டம் வாங்கும்போது கையில் இரண்டு தாள்கள் இருக்கும். கல்லூரிப் படிப்பு முடித்தபின் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுவதில் ஒரு வருமான ஆண்டு வீணாகிறது. அதற்குள் வீட்டில் சம்பளம் எதிர்பார்க்கத் தொடங்கிவிடுவார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

மூன்றாவது கேள்வி சற்றுக் கனமானது: இவ்வளவு உழைப்பதற்கு நேராக சிஏ படித்துவிடலாமே? முடிந்தவர்கள் படிக்கட்டும். குடும்பம் சில வருடங்கள் தாங்கும் என்றால், மதிப்பெண்ணும் மனவுறுதியும் இருந்தால், அதைவிட நல்ல பாதை கணக்குத் துறையில் இல்லை. 55 சதவீத மதிப்பெண் எடுத்த வணிகவியல் பட்டதாரி ஃபவுண்டேஷன் எழுதாமல் நேராக இன்டர்மீடியட்டில் சேரலாம். 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய திட்டத்தில் ஆர்ட்டிகிள்ஷிப் மூன்றாண்டிலிருந்து இரண்டாண்டாகக் குறைந்தது. ஆனால் சிஏ சேரும் பலரும் இறுதித் தேர்வைத் தாண்டுவதில்லை என்பது பட்டயக் கணக்காளர் கழகத்துக்கே தெரியும். அதனால்தான் அதே புதிய திட்டத்தில், இன்டர்மீடியட்டும் பயிற்சியும் முடித்து ஃபைனலில் நின்றுபோனவர்களுக்கு ‘பிசினஸ் அக்கவுண்டிங் அசோசியேட்’ என்ற சான்றிதழை ஏற்படுத்தியிருக்கிறார்கள். சட்டபூர்வமான இரு கழகங்களும் தனித்தனியாக இடைப்படியைக் கட்ட முன்வந்ததே, அந்தப் படிக்குத் தேவை இருக்கிறது என்பதற்கான வலுவான சாட்சி. கேட் வழியில் வருபவருக்குக் கதவு மூடிவிடுவதும் இல்லை. அதில் தேறியவர் சிஎம்ஏ ஃபவுண்டேஷன் தேர்வை எழுதாமல் நேராக சிஎம்ஏ இன்டர்மீடியட்டில் சேர முடியும். முதல் படியிலேயே ஒரு வேலை, அங்கிருந்து மேலே ஏற வாய்ப்பு: நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைக்கு இந்த வரிசை ஆபத்துக் குறைந்தது.

இதன் எல்லையையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். கணக்குத் தொழில்நுட்பர் ஆடிட் அறிக்கையில் கையெழுத்துப் போட முடியாது. அது சிஏவின் உரிமை. சட்டப்படியான அடக்கவிலைத் தணிக்கை சிஎம்ஏவின் உரிமை. கேட் முடித்த அன்றே போர்டு மாட்டி உட்கார்ந்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

மென்பொருளும் செயற்கை நுண்ணறிவும் இந்த வேலையைத் தின்றுவிடாதா என்பது இப்போது எல்லோரும் கேட்பது. தட்டச்சு மட்டும் செய்யும் வேலையை நிச்சயம் தின்னும்; அதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். ஆனால் கடந்த சில ஆண்டுகளில் நடந்ததை வைத்தே எதிர்காலத்தைக் கணிக்கலாம். மின்னணு விலைப்பட்டியல் 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்குத்தான் கட்டாயமாக இருந்தது. 2023 ஆகஸ்டுக்குள் அந்த வரம்பு 5 கோடிக்கு இறங்கிவிட்டது. திருப்பூரின் நடுத்தர நிட்டிங் யூனிட்டும் சாயப்பட்டறையும் அதற்குள் வந்துவிட்டன. பில் போடுவது தானியங்கி ஆனது. ஆனால் பொருந்தாதவற்றைப் பொருத்தும் வேலை பெருகியது. நம் கொள்முதல் ஏட்டில் இருக்கும் பில் 14ஆம் தேதி உருவாகும் ஜிஎஸ்டிஆர்-2பியில் இல்லை என்றால் உள்ளீட்டு வரி வரவு இல்லை. அந்த சப்ளையரைக் கூப்பிட்டுப் பேசி, அவர் எண்ணைத் தப்பாகப் போட்டாரா, மாதத்தைத் தவறவிட்டாரா, நம்மிடமே தவறா என்று கண்டுபிடிப்பது இன்னும் மனிதர் வேலையாகத்தான் இருக்கிறது. சட்டமும் மாறிக்கொண்டே இருக்கிறது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் இடத்துக்கு 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டுச் சட்டம் வருகிறது. ‘முந்தைய ஆண்டு’, ‘மதிப்பீட்டு ஆண்டு’ என்ற இரட்டை வழக்கு போய் ‘வரி ஆண்டு’ வருகிறது, பிரிவு எண்கள் எல்லாம் மாறுகின்றன. 194சி என்று எண்ணை மட்டும் மனப்பாடம் செய்தவர் இப்போது திணறுவார். ஒப்பந்தக்காரருக்குப் பணம் தரும்போது ஏன் பிடித்தம் செய்கிறோம் என்று படித்தவருக்குப் புதிய எண்ணைத் தெரிந்துகொள்ள ஒரு மதியம் போதும்.

முதலாளிகளுக்கு இந்தச் சான்றிதழின் பெயரே தெரியாது, பிறகு எதற்கு என்ற கேள்வியில்தான் உண்மை அதிகம். ஆம், பலருக்குத் தெரியாது. சான்றிதழைக் காட்டியதும் சம்பளம் உயரும் என்று எதிர்பார்ப்பவர் ஏமாறுவார். அதனால்தான் முழு நிதியாண்டு அனுபவத்தை இதன் மறுபாதி என்று சொன்னேன். முதலாளிக்குப் புரியும் மொழியில் தகுதியைக் காட்ட வேண்டும். ஒரு சான்று: குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்கிய சரக்குக்கும் வேலைக்கும், ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளிலும், எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் பணம் தர வேண்டும். கெடு தவறி, மார்ச் 31 அன்றும் பாக்கி நின்றால், அந்தச் செலவை அந்த ஆண்டு லாபத்திலிருந்து கழிக்க முடியாது. பணம் கொடுத்த ஆண்டில்தான் கழிக்கலாம். பழைய சட்டத்தில் 43பி(எச்) என்ற பெயரில் 2023–24 நிதியாண்டுக் கணக்கிலிருந்து வந்த விதி இது. மாதக்கணக்கில் கடன் சொல்வது பழகிப்போன நம் ஊர்த் தொழிலில் இதன் விளைவு சிறியது இல்லை. சப்ளையர்களில் யார் உத்யம் பதிவு பெற்றவர், அவர்களில் யார் உற்பத்தியாளர் அல்லது சேவை தருபவர், யார் வெறும் வியாபாரி, யாருடைய பில் எந்தத் தேதியில் கெடு தாண்டுகிறது என்ற ஒரு பட்டியலை ஜனவரியிலேயே முதலாளியின் மேஜையில் வைப்பவரைப் பற்றி, ‘இவர் எந்தக் கோர்ஸ் படித்தார்’ என்று அவரே விசாரிப்பார்.

ஆங்கிலம் தடையாக இருக்கிறது என்பது உண்மையான கஷ்டம். அதை அலட்சியப்படுத்தக் கூடாது. பாடநூல்கள் ஆங்கிலத்தில். தமிழ்வழியில் படித்து வந்தவருக்கு முதல் இரண்டு மாதம் கனமாகத்தான் இருக்கும். ஆனால் கணக்கு ஆங்கிலம் என்பது கதைப் புத்தக ஆங்கிலம் இல்லை. சில நூறு சொற்கள்தாம் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றில் பாதி ஏற்கெனவே நம் ஆபீஸ் பேச்சில் இருப்பவை. டெபிட், கிரெடிட், ஸ்டாக், டெப்ரிசியேஷன் என்று தமிழ்வழி மாணவரும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். பிளஸ் டூ கணக்குப்பதிவியல் நூலின் தமிழ்ப் பதிப்பையும் ஆங்கிலப் பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருமுறை முழுக்கப் படித்துவிட்டுக் கழகத்தின் நூலைத் திறந்தால் பாதிப் பயம் போய்விடும். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் தட்டச்சோடும் சுருக்கெழுத்தோடும் கணக்கியலுக்கும் தேர்வு நடத்துகிறது. தட்டச்சு நிலையங்களுக்குப் போகும் வழக்கமுள்ள நம் பிள்ளைகளுக்கு அதுவும் ஒரு நல்ல முன்பயிற்சி.

இனி, காலத்தை எப்படி அமைப்பது என்பது. வேலையைத் தேர்ந்தெடுப்பதில் சம்பளத்தை முதலில் பார்க்காதீர்கள். அவிநாசியிலும் திருப்பூரிலும் ஆடிட்டர் ஆபீஸ்கள் நிறைய. ஓர் ஆடிட்டர் ஆபீசில் முதல் ஆண்டு குறைந்த உதவித்தொகைக்குச் சேர்ந்தால் பல தொழில்களின் கணக்கு கண்ணில் படும். ஒரு பனியன் கம்பெனியில் சேர்ந்தால் ஒரே தொழிலின் ஆழம் தெரியும். என் பரிந்துரை, முதலில் ஆடிட்டர் ஆபீஸ், பிறகு கம்பெனி. எங்கே சேர்ந்தாலும் சேரும் முன்பே ஒன்றைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்: குறைந்தது ஒரு கிளையண்டின் கணக்கை அல்லது ஒரு யூனிட்டின் கணக்கை ஆண்டு முழுவதும் உங்களிடமே விடுவார்களா? பத்துக் கம்பெனியின் பர்ச்சேஸ் பில்லை மட்டும் ஆண்டு முழுவதும் அடித்துக்கொண்டிருந்தால் பத்து ஆண்டானாலும் அது ஒரு மாத அனுபவம்தான். ஒரே ஒரு சிறிய கம்பெனியானாலும் அதன் ஓபனிங் பேலன்சிலிருந்து பேலன்ஸ்ஷீட் வரை கூடவே போக வேண்டும்.

மாதத்துக்கு ஒரு தாளம் உண்டு. அதைப் பிடித்துக்கொண்டால் படிப்பும் அதோடு நடக்கும். 7ஆம் தேதி டிடிஎஸ் கட்டுவது, 11இல் ஜிஎஸ்டிஆர்-1, 15இல் பிஎஃப், இஎஸ்ஐ, 20இல் ஜிஎஸ்டிஆர்-3பி. எனவே 21 முதல் மாதக் கடைசி வரையிலான பத்து நாள் மாலைகள்தாம் உங்கள் படிப்புக்கு உரியவை. அந்த நாட்களில் அந்த மாதம் செய்த வேலைக்குரிய பாடத்தையே படியுங்கள். இஎஸ்ஐக்கு ஊழியரிடம் 0.75 சதவீதமும் நிறுவனத்திடம் 3.25 சதவீதமும் பிடித்துக் கட்டிய மாதத்தில் தொழிலாளர் சட்டப் பாடம் மனத்தில் தானாக ஒட்டும். தீபாவளிக்கு முன் குறைந்தபட்சம் 8.33 சதவீத போனஸ் பட்டியல் போடும்போது அந்தச் சட்டத்தின் தகுதி வரம்புகள் புத்தகத்தில் தேட வேண்டியவையாக இராது. மார்ச் 31 அன்று ஸ்டாக் எடுக்கக் குடோனுக்குப் போங்கள். வேண்டாம் என்றாலும் போங்கள். எண்ணிய மூட்டைக்கும் ஏட்டின் எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தை எழுதி வைத்துக்கொண்டு இருப்பு மதிப்பீட்டு அத்தியாயத்தைப் படியுங்கள்.

ஆடிட்டர் ஆபீசில் இருப்பவர்கள் டிசம்பர் தேர்வைத் தேர்ந்தெடுப்பது நல்லது. ஏப்ரல், மே மாதங்களில் ஆண்டு முடிவும் நான்காம் காலாண்டு டிடிஎஸ் அறிக்கையும் ஒன்றாக வரும். அந்தக் களைப்போடு ஜூன் தேர்வு எழுதுவது சிரமம். வரித் தணிக்கைக்கான வழக்கமான கெடு செப்டம்பர் 30. அதன்பின் ரிட்டர்ன் வேலை அக்டோபர் கடைசி வரை ஓடும். நவம்பர் ஓரளவு ஓய்வான மாதம்; அதுவரை கைகளால் செய்ததைத் தேர்வுத்தாளின் மொழிக்கு மாற்ற அந்த நான்கு வாரம் போதும். கம்பெனியில் இருப்பவர்களுக்கு இது அவ்வளவு முக்கியம் இல்லை. கிறிஸ்துமஸ் ஷிப்மென்ட் முடியும் காலத்தையும் தீபாவளி போனஸ் காலத்தையும் பார்த்து அவர்கள் முடிவு செய்யலாம். ஓர் ஆண்டில் இரண்டு கட்டத்தையும் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் வேண்டாம். ஒரு நிதியாண்டின் முழுச் சுற்றுக்குள் நுழைவு நிலை, அடுத்ததற்குள் திறன் நிலை என்பது வேலை செய்துகொண்டே படிப்பவருக்கு நியாயமான வேகம். குழந்தை பிறந்து வேலையை விட்ட பெண்களுக்கும் இந்த வேகம் பொருந்தும். பக்கத்து யூனிட்டின் ஜிஎஸ்டி ஒத்திசைவு வேலையை வீட்டிலிருந்தே செய்துகொண்டு ஒவ்வொரு கட்டமாகத் தேறினால், மறுபடி வேலைக்குப் போகும்போது இடைவெளிக்கு விளக்கம் சொல்லும் நிலை வராது.

ஆண்டு முழுவதும் ஒரு கோப்பைச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். நிறுவனத்தின் பெயரையும் ஆட்களின் பெயரையும் நீக்கிவிட்டு, நீங்களே செய்த வேலையின் மாதிரிகள் அதில் இருக்கட்டும்: ஒரு வங்கி ஒத்திசைவு, ஒரு மாதத்தின் 2பி பொருத்தம், ஜாப் ஒர்க்கில் கிடக்கும் சரக்கின் தேதிவாரிப் பட்டியல், சாய நஷ்டக் கணக்கு ஒன்று, ஆடிட்டர் கேட்ட கேள்விகளும் நீங்கள் கொடுத்த பதில்களும். முதலாளியின் அனுமதி கேட்டே எடுங்கள். விலைகளை மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த நேர்முகத்தில் “டேலி தெரியுமா?” என்று கேட்டால், தெரியும் என்று சொல்லிவிட்டு அந்தக் கோப்பைத் திறந்து சாய நஷ்டக் கணக்கின் பக்கத்தை அவர் பக்கம் திருப்பி வையுங்கள். சம்பளப் பேச்சை அதற்குப் பிறகு தொடங்கலாம்.